அடுத்தவர் கலத்தில் விழும் கண்



இலங்கைச் சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த எவரும் மறந்திருக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. 1505ஆம் ஆண்டளவில் கொழும்புத் துறையில் முன்பின் அறியாத மனிதர் சிலர் வந்திறங்கினர். கண்டவர்கள் கோட்டை அரசனிடம் ஓடிச் சென்று, தாம் கண்டதை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள். வந்தவர்கள் வெள்ளை நிறத்தவர், அழகானவர்கள். இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் அணிகிறார்கள். ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் நடக்கிறார்கள். ஒரு மீனுக்கும் ஒரு தேசிக்காய்க்கும் பொற்காசு கொடுக்கிறார்கள். அவர்களது வெடியின் ஓசை மலையில் மோதும் இடியினும் பெரியது. இத்தனையும் சொன்னவர்கள் இன்னுமொன்றைச் சொல்ல மறக்கவில்லை. அவர்கள் கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறார்கள்!

சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய இந்தச் செய்தியைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. கல் என்று அவர்கள் கண்டது பாண். இரத்தம் என்று கண்டது திராட்சை மது. வகுப்பிலே ஆசிரியர் இதைச் சொல்லும்போது நாமெல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. வந்தவர் என்ன மதத்தார், என்ன மொழி பேசுகிறார், எதற்காக வந்தார் என்ற கேள்விகளுக்கு முன்னதாகவே, அவர் என்ன சாப்பிடுகிறார் என்பது அரண்மனைக்குப் போய்விட்டது. ஓர் அந்நியனைப் பற்றி மனிதன் முதலில் சொல்லும் கருத்து, அவனுடைய கலத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. அந்தக் கருத்தைக் கலத்துக்குரியவன் கேட்டானா? இல்லை. யாரும் கேளாமலே வந்து விழும் சொல் அது.

கேளாமல் விழுந்த அத்தகைய சொற்களைத் தொட்டுத்தான் இன்று உங்களோடு கதைக்க விரும்புகிறேன். அதற்கு நான் தேர்ந்துகொண்ட இடம் மாத்தளை மாவட்டத்து நாலந்தா.

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் நெடுஞ்சாலையில், வாசனைத் தோட்டங்களைக் கடந்து வடக்கே போனால் நாலந்தா வரும். பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே, நீர்த்தேக்கத்தின் கரையில், முழுக்க முழுக்கக் கல்லாலான சிறிய கோயில் ஒன்று நிற்கிறது. கெடிகே என்பார்கள். கி.பி. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாக அறிஞர்கள் கருதும் இக்கட்டடம், பல்லவர் கால மாமல்லபுரத்தை நினைவூட்டும் திராவிடச் சிற்பமுறையில் அமைந்தது. ஆனால் பௌத்த வழிபாட்டிடம். மகாயான பௌத்தத்தோடு இதனைத் தொடர்புபடுத்துவோர் பலர். 1970களில் மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கம் இதனை மூழ்கடிக்கும் நிலை வந்தபோது, கல் கல்லாகக் கழற்றியெடுத்து உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கிக் கட்டினார்கள். தமிழன் கண்ணுக்கு இந்துக் கோயில், சிங்களவன் கண்ணுக்கு விகாரை என்று இரண்டுமாகத் தோன்றும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வீதியால் எத்தனை வகையான மனிதர் எத்தனை வகையான சோற்றுப் பொதிகளோடு நடந்திருப்பார்கள் என்ற எண்ணமே எனக்கு வரும்.

நாலந்தா என்றதும் பீகாரில் இருந்த பெருங்கல்விக் கூடமும் நினைவுக்கு வராமற் போகாது. அங்கே ஏழாம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தங்கிப் படித்த சீனத் துறவி இ-சிங், இந்தியப் பிக்குகளின் வாழ்க்கை முறையைத் தம் நாட்டாருக்கு எழுதியனுப்பினார். அந்த நூலில் உணவைப் பற்றிய செய்திகள் ஏராளம். எப்படி உட்கார்ந்து உண்கிறார்கள், உண்ணுமுன் எப்படிக் கழுவுகிறார்கள், மிஞ்சியதை என்ன செய்கிறார்கள், வெங்காயத்தை ஏன் தவிர்க்கிறார்கள் என்றெல்லாம் நுணுக்கமாகப் பார்த்தவர் அவர். இ-சிங்கும் அடுத்தவர் கலத்தைப் பார்த்தவர்தான். ஆயினும் அவர் கடிந்துகொண்டது பெரும்பாலும் தம் சொந்த நாட்டாரின் பழக்கத்தை. விருந்தாளியாகப் போன இடத்தில் கண்டதைக் கொண்டு தம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்க முயன்றார். இப்படிப் பார்ப்பவர்கள் சரித்திரத்தில் மிகச் சிலர்.

மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் கிடைக்கின்றன.

1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த மொரோக்கோ யாத்திரிகர் இப்னு பதூதா, சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் கேட்ட கதை ஒன்றை எழுதியுள்ளார். ஷெய்கு ஒருவரும் அவருடைய கூட்டத்தாரும் காட்டில் வழிதவறிப் பசியால் வாடினார்கள். ஷெய்கு தடுத்தும் கேளாமல் கூட்டத்தார் ஒரு யானைக் குட்டியைப் பிடித்துத் தின்றுவிட்டார்கள். அன்றிரவு யானைகள் வந்தன. தூங்கிக் கிடந்தவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. ஷெய்குவை முகர்ந்த யானையோ, அவரைத் தன் முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் மனிதர் வாழும் ஊரில் இறக்கிவிட்டது. அது முதல் இந்த நாட்டு மக்கள் முஸ்லிம்களை மதித்துத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளிக்கிறார்கள் என்றும், இந்தியாவில் அப்படிச் செய்வதில்லை என்றும் இப்னு பதூதா சொல்கிறார். கதையின் உண்மை எப்படியும் இருக்கட்டும். வாயை முகர்ந்து பார்த்து மனிதனை இனம்பிரிக்கும் வேலையை அந்தக் கதை யானைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. பின்வந்த காலங்களில் அந்த வேலையை மனிதர்களே எடுத்துக்கொண்டார்கள்.

1660ஆம் ஆண்டு மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தார். சிறை என்றால் இரும்புக் கதவுச் சிறை அல்ல. கைதிகளை ஊர் ஊராகப் பிரித்துவிட்டு, அவர்களுக்குச் சமைத்த சோறு கொடுக்கும் பொறுப்பை ஊரவர் தலையில் அரசன் கட்டியிருந்தான். ஊரவர் விரும்பி அழைக்காத விருந்தாளி. விருந்தாளியும் விரும்பி வராதவன். இருவருக்கும் நடுவே நாளுக்கு இருமுறை ஒரு சோற்றுக் கலம்!

நொக்ஸ் தப்பியோடி அரிப்புக் கோட்டையை அடைந்தது 1679இல். அவர் நூல் இலண்டனில் வெளிவந்தது 1681இல். தண்ணீர்ப் பாத்திரத்தை உதட்டில் படாமல் உயர்த்தி வாயில் வார்த்துக் குடிக்கும் வழக்கத்தையும், கணவனுக்குப் பரிமாறி முடித்தபின் மனைவி உண்ணும் வழக்கத்தையும் அவர் வியப்போடு எழுதினார். கூடவே, தம்மைப் பற்றி அந்த ஊரவர் வைத்திருந்த மதிப்பீட்டையும் ஒளிக்காமல் எழுதினார். வெள்ளைக்காரர் உயர்ந்த சாதியாருக்குக் கீழானவர் என்றே கண்டி மக்கள் கருதினார்களாம். காரணம், அவர்கள் மாட்டிறைச்சி தின்பவர்கள், சுத்தமாகக் கழுவிக்கொள்ளாதவர்கள். ஒரு வல்லரசின் கப்பலில் வந்த மாலுமியின் மகன், மலைநாட்டுக் கிராமம் ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அவனுடைய தகுதி அவனுடைய இரைப்பையைக் கொண்டு அளக்கப்பட்டது. நொக்ஸ் அதைக் கோபமில்லாமல் பதிவு செய்திருப்பது அவருடைய பெருந்தன்மை எனலாம்.

இனி நாலந்தா வீதிக்கு மீண்டும் வருவோம். இங்கேதான் நம்மவர் கதை தொடங்குகிறது.

1830களுக்குப் பின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டின் வரண்ட கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடும் குளமும் தாண்டி, அநுராதபுரப் பகுதியூடாகத் தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்த அந்த நடைபாதையை வடபாதை என்றார்கள். நூற்று ஐம்பது மைல் அளவான நடை. கொள்ளைநோயும் காய்ச்சலும் வழியெங்கும் காத்திருந்தன. காடு முடிந்து மலைக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும் இடம் நாலந்தா. இதுவரை உயிரோடு வந்துவிட்டோம் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடிய இடம். நடந்து வந்து சேர்ந்தவர்களின் நன்றியும், வழியில் விழுந்தவர்களின் நினைவும் கலந்து எழுந்ததுதான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் என்று மலையக மக்கள் நம்புகிறார்கள்.

அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? அவர்களிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. ஆனால் கேளாமலே ஒருவர் எழுதினார்.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தபோது அரசாங்கத்தின் இரண்டாவது பெரிய அதிகாரி அவர்தான். கிளர்ச்சிக்காரர் தம்புள்ளையில் ஓர் அரசனுக்கு முடிசூட்டி, மாத்தளை நோக்கி இறங்கியதும் இந்தத் திசையிலிருந்துதான். ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூல் இன்றும் ஆய்வாளர் கையில் இருப்பது. அதில் இயற்கை வரலாறு பற்றிய பகுதியில் கோப்பி எலிகளைப் பற்றிக் கூறுகிறார். காட்டிலே நெலு என்னும் செடியில் உணவு கிடைக்காத காலத்தில் இந்த எலிகள் தோட்டங்களுக்குள் படையெடுத்துக் கோப்பி மொட்டுகளை அழித்துவிடும். ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதுண்டு. இதைச் சொன்னவர் தொடர்ந்து, மலபார்க் கூலிகளுக்கு இந்த எலியின் இறைச்சி மிகவும் பிடிக்கும் என்றும், எண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்பார்கள் என்றும், எலித்தொல்லை உள்ள பகுதிகளையே அவர்கள் விரும்பித் தேடிப் போகிறார்கள் என்றும் எழுதிவிட்டு அடுத்த விலங்குக்குப் போய்விடுகிறார். தமிழரை அந்தக் காலத்து ஆங்கிலேயர் மலபார் என்றே குறித்தனர்.

நேயர்களே, இந்த வாக்கியங்கள் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். தொழிலாளரின் கூலி பற்றிய அத்தியாயத்தில் அல்ல, எலியைப் பற்றிய பக்கத்தில்! எலி எதைத் தின்கிறது என்பதற்கும், எலியை யார் தின்கிறார் என்பதற்கும் இடையில் ஒரு முற்றுப்புள்ளிதான் இருக்கிறது.

எலிக்கறி உண்பது இழிவா என்பதல்ல இங்கே என் கேள்வி. வயல் எலியை உண்பது தமிழ்நாட்டிலும் உலகின் வேறு பல நாடுகளிலும் உழவர் மத்தியில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் கேட்பது வேறு. தோட்டத்தில் கொடுத்த அரிசியின் விலை கூலியில் கழிக்கப்பட்டது. கூலியோ மாதக்கணக்கில் பிந்தியது. கங்காணியின் கடன் புத்தகம் ஒருபுறம். இறைச்சி வாங்கக் காசு இல்லாத மனிதனுக்குக் காசில்லாமல் கிடைத்த ஒரே இறைச்சி, துரையின் பயிருக்கும் பகைவனாக இருந்தது. அவன் அதைப் பிடித்து உண்டதால் தோட்டத்துக்கு நட்டமில்லை, இலாபம். இதையெல்லாம் கணக்குத் தெரிந்த ஓர் அதிகாரி அறியாதவரல்லர். ஆயினும் அவருடைய பேனா எழுதியது, அவர்களுக்கு அது பிடிக்கும் என்பதைத்தான். வறுமையை ருசியாக மாற்றி எழுதிவிட்டால், வறுமைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அப்படித்தான், அவர்களுக்கு அது போதும் என்று முடித்துவிடலாம்.

அந்தச் சொல்லின் நிழல் நீண்டது. மலையகத் தமிழருக்கு எது போதும், எது போதாது என்பதைப் பிறரே முடிவு செய்யும் வழக்கம் கோப்பியோடு ஒழியவில்லை. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு வடபாதை நடையும் முடிந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில், அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் நாடெங்கும் திண்டாட்டம் ஏற்பட்டபோது, தோட்டப் பகுதிகளில் மரண வீதம் கூடியது. மரவள்ளிக் கிழங்கு தோண்டித் தின்ன ஓர் அங்குலக் காணியும் சொந்தமில்லாத மக்கள் அவர்கள். அப்போதும் கூட, அவர்களுக்கு ரொட்டியும் சாயத் தண்ணியும் இருந்தால் போதுமே என்று சொன்ன படித்தவர்களை நான் அறிவேன்.

உணவைச் சொல்லி மனிதரைப் பிரிக்கும் பேச்சு, தோட்டத்தோடு நின்றதும் அல்ல. 1965இல் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் தமிழரசுக் கட்சியின் ஆதரவோடு அமைந்தது. தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்துக்கான பிரமாணங்களை அவ்வரசு கொண்டுவந்தபோது, 1966 ஜனவரி 8ஆம் திகதி கொழும்பில் எதிர்க்கட்சிகள் பெரும் ஊர்வலம் நடத்தின. துப்பாக்கிச் சூட்டில் இளம் பிக்கு ஒருவர் உயிரிழந்தார்; அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அந்த நாட்களில் எழுந்த கோஷங்களுள் இன்றும் நினைவில் நிற்பது, டட்லியின் வயிற்றுக்குள்ளே மசாலா வடை என்பதாகும். பத்தாண்டுகளுக்கு முன் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வேண்டும் என்று வாதாடிய இடதுசாரிகளும் அந்த அணியில் இருந்தார்கள் என்பது வேதனை.

ஒரு மொழிக்குக் கொடுக்கும் சிறு இடத்தை எதிர்ப்பதற்கு நியாயம் தேட வேண்டும், வாதம் கட்ட வேண்டும். வடைக்கு அதெல்லாம் வேண்டாம். பிரதமர் தமிழரின் பலகாரத்தைத் தின்றுவிட்டார் என்றால் போதும்; கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்களில் எத்தனை பேர் அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் வடை வாங்கிச் சாப்பிட்டார்களோ! மாத்தளை ரயிலாயினும் பதுளை ரயிலாயினும் வடைக்கூடை ஏறும்போது கைநீட்டாத இனம் எது? காலிமுகத்திடலில் இறால் வடை வாங்குபவன் அது எந்த இனத்துப் பலகாரம் என்று விசாரிப்பதில்லை. வடை எல்லோர் வயிற்றிலும் இருந்தது, இருக்கிறது. கோஷத்துக்கு மட்டுமே அது தமிழாயிற்று.

இவ்விடத்தில் நானே கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கெடிகேயைப் பார்த்துவிட்டு வீதிக்கு வந்து, தேநீர்க் கடை ஒன்றின் வாங்கில் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன பொதியை அவிழ்த்தேன். தேங்காய்ப்பூப் போட்ட ரொட்டியும் கட்டைச் சம்பலும். எதிரே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த வயதான சிங்களவர் ஒருவர் என் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“மஹத்தயா, இந்த வெயிலுக்கு வெறும் ரொட்டியா? தொண்டையில் அடைக்குமே.”

“பழக்கம்தான் மாமே” என்றேன்.

“பழக்கம் என்றால் அடைக்காதா?” என்றவர், கடைக்காரர் பக்கம் திரும்பி, பருப்புக் கறி கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். வந்தது. காசையும் அவரே கொடுத்தார். நான் மறுத்ததை அவர் காதில் வாங்கவில்லை. “சின்ன வயதில் நாங்களும் பாண் கிடைக்காமல் இதைத்தான் தின்றோம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் சொன்னதும் கேளாமல் விழுந்த கருத்துத்தான். ஆனால் அந்தக் கருத்தோடு கூடவே ஒரு கிண்ணம் பருப்பும் வந்தது. தான் தின்றதையும் அவர் அதோடு சேர்த்துச் சொன்னார். ரெனன்றின் வாக்கியத்துக்கும் இந்தக் கிழவரின் வாக்கியத்துக்கும் உள்ள தூரத்தைப் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். முன்னவர் பார்த்தது கலத்தை. பின்னவர் பார்த்தது தொண்டையை.

கேளாத சொல்லை எப்படி எதிர்கொள்வது என்பதற்கும் நம் இலக்கியத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. புறநானூற்றின் பதினான்காம் பாடல் பிறந்த சந்தர்ப்பம் அது. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் புலவர் கபிலரின் கையைப் பற்றினான். பற்றியவன், உமது கை மென்மையாக இருக்கிறதே என்றான். போர் செய்து தழும்பேறிய கையுடைய அரசன், உழைக்காத கையைப் பார்த்துச் சொன்ன சொல் அது. கேட்பவர் நெஞ்சில் தைத்திருக்கக்கூடிய சொல்தான். கபிலர் கூசவுமில்லை, சினக்கவுமில்லை. யானையை அடக்கியும் வில்லை வளைத்தும் உன் கை வலிதாயிற்று. உன்னைப் பாடி வாழ்வோரின் கையோ இறைச்சியும் துவையலும் கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாதது, அதனால் மென்மையாயிற்று என்ற கருத்தில் விடை பகர்ந்தார். தாம் உண்ட இறைச்சிச் சோற்றை அந்தணராகிய அப்புலவர் மறைக்கவில்லை. அதைச் சபை நடுவே வைத்தார்; அதனாலேயே கொடுத்தவனைப் புகழ்ந்தார். தன் கலத்தைப் பற்றி வெட்கப்படாதவனை எந்தச் சொல்லும் சிறுமைப்படுத்த இயலாது. ஆனால் கபிலருக்குச் சபையில் ஆசனம் இருந்தது, பதில் சொல்ல வாய்ப்பும் இருந்தது. எலியைப் பற்றிய பக்கத்தில் இடம்பெற்ற தொழிலாளிக்கு அந்த நூலில் பதில் சொல்ல ஒரு வரிகூட இருக்கவில்லை.

நம் கிராமத்துப் பெண்கள் இந்தச் சொல்லின் வலிமையை ஆய்வாளருக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கண்ணூறு என்றார்கள், அது போதாதென்று நாவூறு என்றும் சொன்னார்கள். கண் செய்யும் கேட்டை விட நாக்குச் செய்யும் கேடு பெரிது என்பது அவர்களுடைய கணக்கு. சிங்கள மக்களிடமும் இதே கணக்கு உண்டு. பார்வையால் வருவது எஸ்வஹ, சொல்லால் வருவது கடவஹ என்பார்கள். வஹ என்றால் நஞ்சு. பொரித்த பலகாரத்தையோ இறைச்சியையோ வெளியே எடுத்துப் போகும்போது அதோடு ஒரு கரித்துண்டோ இரும்பாணியோ சேர்த்துக் கட்டும் வழக்கம் இரு சமூகத்திலும் இருந்தது. சில வீடுகளில் இன்றும் உண்டு. மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அடுத்தவர் உணவின்மேல் விழும் சொல் ஒரு நஞ்சு என்று இரு மொழியினரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் அல்லவா?

இந்த வீதியைப் பற்றிய கடைசிச் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் புறப்பட்டதும், இரண்டு மைல் தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாக வழங்கிவந்த பாலித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், ஏட்டில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. அப்படி எழுதப்பட்டவற்றுள் பிக்குகளின் ஒழுக்க விதிகளும் அடங்கும். சேகியா எனப்படும் எழுபத்தைந்து சிறு விதிகளில் கணிசமான பகுதி சாப்பாட்டைப் பற்றியது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே, சத்தமிட்டு உறிஞ்சாதே, கையை நக்காதே என்று தாய் பிள்ளைக்குச் சொல்வது போன்ற விதிகள். அவற்றினிடையே ஒரு விதி, குற்றம் காணும் எண்ணத்தோடு அடுத்தவருடைய பாத்திரத்தைப் பார்க்கக் கூடாது என்கிறது.

விதியின் நுட்பத்தைப் பாருங்கள். பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. பார்க்காமல் எப்படி, அவருக்குச் சோறு போதாமல் இருக்கிறதா என்று அறிவது? பார்க்கலாம், பரிமாறுவதற்காகப் பார்க்கலாம். குறை பிடிப்பதற்காகப் பார்க்கக் கூடாது. தேநீர்க் கடைக் கிழவர் சேகியா விதிகளைப் படித்திருப்பாரோ என்னவோ, அவர் பார்த்தது அந்த விதிக்கு உட்பட்ட பார்வை.

கல்லைத் தின்கிறார்கள் என்று 1505இல் ஓடிப்போய்ச் சொன்னவர்களின் சந்ததியினர், அதாவது நாமெல்லோரும், பின்னர் அந்தக் கல்லையே காலை உணவாக்கிக் கொண்டோம். அதற்குப் பெயர்கூட வேறு தேடவில்லை. தமிழிலும் சிங்களத்திலும் பாண் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்லே. 1970களில் அதற்காக விடியற்காலையில் வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் முன்னால் நிற்பவன் எந்த மொழிக்காரன் என்பதை விட, பாண் முடிவதற்குள் நமது முறை வருமா என்பதே எல்லோருக்கும் பெரிய கவலையாக இருந்தது.

இன்று நம்மவர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மாடிக் குடியிருப்புகளில் கறி தாளிக்கிறார்கள். அடுத்த வீட்டுக் கதவு திறந்து, என்ன மணம் இது என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல் எதற்காகக் கேட்கிறது என்பதை அவர்களே கண்டறியட்டும். நம் கையில் இருப்பது ஒன்றுதான். பக்கத்து வாங்கில் பொதி அவிழ்க்கும் மனிதரைப் பார்த்து நாம் வாய் திறக்குமுன், நமது கிண்ணத்தில் பகிர்ந்துகொள்ளப் பருப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாலந்தா வீதியில் பார்ப்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.